நடுக்குருத்துக்கு நான்கு ஐப்பசி கொடுங்கள்: தோவாளைப் புதர்க்காடுகளின் ஆட்டு மேய்ச்சல் பற்றி ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும், கால்நடை பராமரிப்புத் துறையின் மாவட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். என் அம்மா வெள்ளாடு வளர்த்தார். கடாக்குட்டிகளை விற்ற பணத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். தாவரவியல் படிக்கப் போனவனுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தவை மலைச்சரிவின் செடிகளைத் தின்று வளர்ந்த ஆடுகள். ஆகவே ஆட்டைக் காட்டின் பகையாகக் காட்டி எழுத எனக்கு மனம் வராது. ஆனால் சிறுவனாக நான் காரைப்பழம் பறித்த அதே சரிவில் இன்று காரையும் களாவும் முழங்காலுக்கு மேல் எழ முடியாமல், கத்தரித்துவிட்ட வேலி போலக் குறுகிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கவும் முடியவில்லை. மேய்ச்சலை அடியோடு தடைசெய்யுங்கள் என்றோ, அதைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்கு வெளியே உள்ள புதர்ச்சரிவுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முறைவைத்துச் சில ஆண்டுகள் ஓய்வு கொடுங்கள், அந்த ஓய்வுக்காலத்தில் ஆடு வளர்ப்போருக்கு மாற்றுத் தழைக்கு வழிசெய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. அதற்கான காரணங்களை விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

குமரி மாவட்டம் என்றதும் வெளியூரார் மனத்தில் வருவது பேச்சிப்பாறையும் கீரிப்பாறையும் காளிகேசமும்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கும் அந்த மேற்குப் பக்கத்துக் காடுகளுக்கு வாசகர்களும் பயணிகளும் பாதுகாவலர்களும் உண்டு. கணவாயை நெருங்க நெருங்க நிலம் வேறாகிவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே மழையாகப் பெய்யும் காற்று இங்கே வெறுங்காற்றாகக் கடந்து போகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு அந்தக் காற்றே காரணம். இந்தப் பக்கத்துச் செடிகள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி முளைத்து, பங்குனியிலிருந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்க வேண்டியவை. காரை, சிறுகளா, சூரை, இலந்தை, ஆதொண்டை, சங்கஞ்செடி, விடத்தேரை, இவற்றுக்கு இடையிடையே உசிலையும் குடைவேலும் என்று முள்ளும் சிறிய இலையுமாக நிற்கும் இந்தக் காட்டை வருவாய்க் கணக்கில் தரிசு என்றும், பேச்சுவழக்கில் வெறும் முள்ளுக்காடு என்றும் சொல்லிவிடுகிறோம். அது அழிந்துபோன பெருங்காட்டின் மிச்சம் அல்ல. அந்த மண்ணும் காற்றும் மழையும் சேர்ந்து அங்கே வளரவிடும் முழுமையான காடே அதுதான். முயலும் கௌதாரியும் கொண்டைக்குருவியும் உடும்பும் அந்தப் புதர்களின் காலடியில்தான் குடியிருக்கின்றன.

வெள்ளாடு இந்தப் புதரை என்ன செய்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் புரியும். செம்மறி தலையைக் குனிந்து புல்லை மேயும். வெள்ளாடு தலையை நிமிர்த்தித் தழையைக் கடிக்கும். காரைப் புதர் ஒன்றின் முன்னால் ஓர் ஆடு பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்குளம்புகளைக் கிளையில் ஊன்றி, கழுத்தை நீட்டும்போது அதன் வாய் ஐந்தடிக்கு மேலும் எட்டும். வளர்ந்த கடாவுக்கு ஆறடி வரைகூட எட்டும். அதன் மேலுதடு விரலைப் போல அசையக்கூடியது. எதிரெதிராக நிற்கும் இரண்டு முட்களுக்கு நடுவே அந்த உதட்டை நுழைத்து, முள் குத்தாமல் இலையை மட்டும் உருவி எடுக்கும் அதன் நேர்த்தியை நான் எத்தனையோ மாலைகளில் வியந்து பார்த்திருக்கிறேன். மாடும் செம்மறியும் ஒதுக்கிவிடும் துவர்ப்பான தழையைக்கூட வெள்ளாட்டின் வயிறு ஓரளவு தாங்கிக்கொள்ளும். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோ பச்சை வேண்டும். மழைக்காலத்தில் புல்லும் பூண்டும் அந்தத் தேவையில் ஒரு பங்கை நிரப்பிவிடும். சித்திரை, வைகாசியில் தரை காய்ந்த பிறகு முழுச் சுமையும் புதரின் தலையில் விழுகிறது. தழையும் தீர்ந்துவிட்டால் இளங்கிளைகளின் பட்டையை உரிக்கவும் ஆடு தயங்குவதில்லை.

புல்லுக்கும் புதருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்று இங்கே முக்கியமானது. புல்லின் வளர்முனை தரையை ஒட்டி இருக்கிறது. மேலே கடித்தாலும் கீழிருந்து மீண்டும் எழும். புதருக்கோ வளர்முனை கிளையின் நுனியில் இருக்கிறது. நுனியைக் கடித்துவிட்டால் பக்கத்து மொட்டுகள் விழித்துக்கொண்டு இரண்டு மூன்று சிறு கிளைகளை விடும். அவற்றையும் கடித்தால் அவை ஒவ்வொன்றும் மீண்டும் கிளைக்கும். ஒவ்வொரு முறையும் செலவாவது வேரில் சேர்ந்திருந்த உணவு. ஆடு ஓட்டிப்போகும் நாட்களில் என் அம்மா எனக்குச் சொன்ன ஒரே விதி இதுதான்: "குருத்தக் கடிக்க உடாத மக்கா, எல நாளைக்கும் வரும்." பிற்காலத்தில் வகுப்பறையில் நுனிமொட்டின் ஆதிக்கம் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் முதலில் சொல்லுவேன்.

ஆண்டுக்கணக்கில் ஓயாமல் கடிபட்ட புதர் மெத்தை போலாகிவிடுகிறது. அடர்த்தியாகக் கிளைத்து, இலை சிறுத்து, முள் நெருங்கி, குட்டையாகப் பரவி நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது செழிப்பாகக்கூடத் தோன்றும். ஆனால் அது பூப்பது அரிது, காய்ப்பது அதனினும் அரிது. பழம் இல்லையென்றால் கொண்டைக்குருவி அங்கே வந்து உட்காருவதில்லை. அது வராவிட்டால் மற்றச் செடிகளின் விதையும் அங்கே விழுவதில்லை. புதர் உயிரோடிருக்கும்போதே காட்டின் இனப்பெருக்கம் நின்றுவிடுவதை எண்ணிக்கையில் காட்டுவது கடினம். ஆகையால்தான் பசுமை இருக்கிறதே என்று பலரும் ஏமாந்துபோகிறார்கள் என்பது என் கருத்து.

அதே மெத்தைப் புதருக்குள்ளேதான் நம்பிக்கையும் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்குச் சரிவின் அடியில் அரை ஏக்கர் நிலம் உண்டு. பாகப்பிரிவினை முடிவாகாமல் இருந்த காலத்தில் யாரும் உள்ளே போகக்கூடாது என்று சுற்றிலும் இலந்தை முள்ளை வெட்டி அடைத்துவிட்டோம். காட்டைக் காக்கும் எண்ணம் அப்போது எங்கள் எவருக்கும் இல்லை. முதல் ஆண்டில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இரண்டாம் ஐப்பசிக்குப் பின், அகன்று பரவியிருந்த காரைப் புதர்களின் நடுவிலிருந்து, ஓரத்தில் நிற்கும் ஆட்டின் வாய்க்கு எட்டாத இடத்திலிருந்து, ஒற்றைக் குருத்து நேராக எழுந்தது. நான்காம் ஐப்பசி முடிந்தபோது அந்தக் குருத்துகளில் சில என் தலையைத் தாண்டியிருந்தன. அதன் பிறகு முள்ளடைப்பு சிதைந்து ஆடுகள் உள்ளே வந்தன. கீழ்க்கிளைகளை மறுபடியும் கடித்தன. மேலே போன குருத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை இன்று பூத்துக் காய்க்கும் புதர்கள். வேலிக்கு வெளியே, இருபதடி தள்ளி, அதே மண்ணில், அதே மழையில் நிற்கும் அவற்றின் கூட்டாளிகள் இன்னும் முழங்கால் உயரம்தான்.

வேரூன்றிய புதருக்கு நான்கு ஆண்டு போதும் என்று நான் சொல்வது இந்த ஒரு துண்டு நிலத்தை வைத்துத்தான். புதிதாக விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளுக்குக் கூடுதல் காலம் வேண்டியிருக்கும். அந்தக் கன்றுகளுக்கும் புதர்தான் தாய். முள் நெருங்கிய காரைப் புதரின் மடியில் விழுந்து முளைக்கும் வேம்பு வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் ஆட்டின் வாயிலிருந்தும் ஒருசேரத் தப்புகிறது. திறந்த தரையில் முளைத்த வேம்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. மரக்கன்று நடுவதற்காகப் புதரை வெட்டி நிலத்தைச் சுத்தம் செய்யும் வழக்கம் எத்தனை பெரிய இழப்பு என்பதை இதிலிருந்து உணரலாம். இயற்கையே ஏற்படுத்தி வைத்திருந்த கூண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் செலவழித்து இரும்புக் கூண்டு வைக்கிறோம்.

மேய்ச்சல் மிகும்போது செடிகளின் எண்ணிக்கையை விடவும் அவற்றின் கூட்டமே மாறிப்போகிறது. நம் முன்னோர் இதைச் செடிகளின் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆடு தொடாதது ஆடாதொடை. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அதையே ஆடலோடகம் என்பார்கள். ஆடு தின்னாதது ஆடுதின்னாப்பாளை. அந்தத் தமிழ்ப்பெயரே ஆடாதொடையின் உலகளாவிய அறிவியல் பெயரிலும் இடம்பெற்றிருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்குள் எழும் பெருமிதம் இன்றும் குறையவில்லை. ஒரு சரிவில் ஆடு விரும்பும் விடத்தேரையும் உசிலையும் குறைந்து, ஆடு ஒதுக்கும் ஆவாரையும் எருக்கும் பெருகினால், அங்கே மேய்ச்சல் அளவு மீறிவிட்டது என்று கருவி எதுவும் இல்லாமலே சொல்லிவிடலாம். இந்த நாட்டுச் செடிகள் பெருகுவதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம்; ஆடுதின்னாப்பாளையின் இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகள்கூட உண்டு. பெருங்கவலை உண்ணிச்செடியை (லந்தானா) பற்றியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரச் செடியாக இந்தியாவுக்கு வந்து காடெங்கும் பரவிவிட்ட அதன் இலை கால்நடைக்கு நஞ்சு. தின்ற ஆட்டுக்கு ஈரல் பழுதாகி, வெயில் பட்ட தோல் புண்ணாகும். ஆகவே ஆடுகள் அதை விட்டுவிட்டு அதற்குப் போட்டியாக நிற்கும் நாட்டுச் செடிகளையே கடிக்கின்றன; உண்ணிக்கு இடம் விரிகிறது. சீமைக்கருவேலத்தின் கதை வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அதன் இனிப்பான நெற்றுகளை ஆடு விரும்பித் தின்னும். விதைகளில் பல செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறி, எருவோடு சேர்ந்தே முளைக்கும். இலந்தை, குடைவேல் போன்ற நம் மரங்களின் விதைகளையும் ஆடுகள் இப்படிச் சுமந்து செல்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒரு சொல் மட்டும். புதர் குறைந்த சரிவில் குளம்புகள் தினமும் ஒரே தடத்தில் போய்வரும்போது மேல்மண் இறுகுகிறது, தடத்தின் ஓரம் உதிர்கிறது. உதிர்ந்ததை ஆடிக்காற்று கொண்டுபோகிறது, மிச்சத்தை ஐப்பசி மழை ஓடைக்கு இறக்குகிறது.

இவ்வளவும் ஆடு மேய்ப்பவர்களின் குற்றம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. இடையன் வெட்டு அறா வெட்டு என்பது நம் பழமொழி. தொழில் தெரிந்த இடையர் கிளையை முழுதாகத் தறிப்பதில்லை. பாதி வெட்டி வளைத்துவிடுவார். ஆடு தழையைத் தின்னும். கிளை பட்டையோடு ஒட்டிக்கொண்டு உயிர்பிழைக்கும். அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். துரட்டியால் எட்ட வேண்டியதை மட்டும் எட்டி, இன்று மேய்ந்த பக்கம் நாளை போகாமல், அறுவடை முடிந்ததும் வயல்களில் கிடை போட்டுக் காட்டுக்கு ஓய்வு கொடுத்தவர்கள் அவர்கள். அந்த ஒழுங்கு குலைந்ததற்குக் காரணம் அவர்களுடைய பேராசை அல்ல. கிடை போட்ட வயல்கள் மனையாகிவிட்டன, புறம்போக்குகள் சுருங்கிவிட்டன, மிஞ்சிய சரிவில் எல்லாருடைய ஆடுகளும் ஒன்றாக ஏறுகின்றன. 2011 இல் தொடங்கிய விலையில்லா வெள்ளாடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வழங்கப்பட்டன. கணவரை இழந்த என் அம்மாவைப் போன்ற ஒருத்திக்கு அது எத்தகைய துணை என்பதை அறிந்தவன் என்ற முறையில் அந்தத் திட்டத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் ஆட்டை அரசு கொடுத்த பிறகு, அது எங்கே மேயும் என்ற கேள்வியும் அரசுக்கு உரியதாகிவிடுகிறது. நம் மாவட்டத்திலேயே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று ஆடுகளைக் கட்டிப்போட்டு, புரையிடத்து, அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்துப் பலாவின் தழையை ஒடித்துக் கொடுத்து வளர்க்கிறார்கள். பிலாவிலை தின்ற ஆடு என்றால் சந்தையில் தனி மதிப்பு. பலா நிற்க ஈரமில்லாத தோவாளைப் பக்கத்தில் அந்த வழி இல்லை. அதற்கு ஈடாக இங்கே வளரக்கூடிய வாகை, ஆச்சா, பூவரசு, வேம்பு போன்ற தழை மரங்களைக் குளக்கரைகளிலும் ஊர்ப் பொதுநிலங்களிலும் வைத்து, அவற்றிலிருந்து முறைவைத்துத் தழை கழிக்கும் உரிமையை ஆடு வளர்ப்போருக்கே எழுதிக்கொடுக்கலாம்.

தடை ஒன்றே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. காலாபகசுத் தீவுக்கூட்டத்தின் பிண்டா தீவை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். 1959 இல் அங்கே விடப்பட்ட மூன்று ஆடுகள் பதினைந்து ஆண்டுகளுக்குள் பல்லாயிரமாகப் பெருகித் தீவின் செடிகொடிகளைத் தின்று தீர்த்தன; ஆடுகளை அகற்றிய பிறகே பசுமை திரும்பியது. உண்மைதான். ஆனால் அந்தத் தீவின் செடிகள் அதற்கு முன் ஆட்டின் வாயையே அறியாதவை. அங்கே மேய்ப்பவரும் இல்லை, ஆட்டைப் பிடிக்கும் விலங்கும் இல்லை. நம் புதர்கள் மானோடும் ஆட்டோடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து முள் வளர்த்துக்கொண்டவை. நமக்கு நெருக்கமான பாடம் ராஜஸ்தானத்துப் பரத்பூரில் இருக்கிறது. 1982 இல் அங்குள்ள பறவைகள் பூங்காவில் கால்நடை மேய்ச்சல் திடீரென்று தடைசெய்யப்பட்டது. எதிர்த்த ஊர்மக்கள் சிலர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். எருமைகள் மேயாத நீர்நிலைகளில் புல் மண்டி, எந்தப் பறவைகளுக்காகத் தடை வந்ததோ அவற்றுக்கே அது இடைஞ்சலானது. அது நீர்நிலை, அங்கே மேய்ந்தது எருமை. நம்முடையது வறண்ட சரிவு, மேய்வது வெள்ளாடு. எனினும், அளந்து பார்க்காமல் போடும் தடைக்கு மனிதரும் காடும் சேர்ந்து விலை கொடுக்க நேரும் என்பது இரு இடத்துக்கும் பொது.

சட்டமும் நமக்கு இடம் விட்டிருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் 2022 மார்ச்சில் முதலில் மாநிலத்தின் வனப்பகுதிகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்காக்கள், வன உயிரினச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நம் சரணாலயத்துக்குள் ஆடு போகக்கூடாது என்பது அதனால் தெளிவு. அதன் விளைவாக வெளியே உள்ள அடிவாரச் சரிவுகளின் மீது நெருக்கடி கூடியிருக்கிறது என்பதும் அதே அளவுக்குத் தெளிவாக உணரப்பட வேண்டும். மக்களின் பங்கேற்போடு மேய்ச்சலை ஒழுங்குபடுத்த வேண்டும், மறுவளர்ச்சி நடக்கும் பகுதிகளை முழுமையாகக் காக்க வேண்டும் என்று 1988 ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை சொல்கிறது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமைகளில் ஒன்றாக எண்ணுகிறது. நான் கேட்கும் சுழற்சி ஓய்வு இவற்றில் எதற்கும் முரணானது அல்ல.

ஆகவே, முதலில் அளந்து பாருங்கள். ஆரல்வாய்மொழி முதல் பூதப்பாண்டி வரையிலான அடிவாரத்தில் சில இடங்களைத் தேர்ந்து, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் வேலியிட்டு, அதை ஒட்டி அதே அளவுள்ள திறந்த துண்டு ஒன்றையும் குறித்துவையுங்கள். ஒவ்வொரு தை மாதமும் இரண்டிலும் உள்ள செடிகளை எண்ணி, உயரத்தை அளந்து, எந்தச் செடி பூத்தது என்று குறித்தால் போதும். அருகிலுள்ள பள்ளி, கல்லூரி மாணவர்கள் அதை ஆசையோடு செய்வார்கள். அதற்காகக் காத்திராமல், மேய்ப்பவர்களை அழைத்து, எந்தச் சரிவை முதலில் மூடுவது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். மேய்ச்சல் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் மூடாதீர்கள். அதற்கு மேல் மூடினால் திறந்திருக்கும் பங்கு தாங்காது. தீப்பிடித்த சரிவை மட்டும் யாரையும் கேட்காமல் உடனே மூடுங்கள். எரிந்த அடிக்கட்டையிலிருந்து வரும் இளந்துளிரைத் தேடித்தான் ஆடுகள் முதலில் ஓடும். வேரில் மிஞ்சிய கடைசி உணவை முதலாக்கி எழும் துளிர் அது. மூடிய பகுதியில் உண்ணிச்செடியை வேரோடு அகற்றும் வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆடு விட்ட இடத்தை உண்ணி எடுத்துக்கொள்ளும். அந்த வேலைக்கான கூலி, மூடலால் இழப்புக்கு உள்ளாகும் குடும்பங்களுக்கே முதலில் போகட்டும்.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். சரணாலயத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றக்கூடியது; மேலே மகேந்திரகிரிப் பக்கத்துப் பாறைகளில் வரையாடு இருக்கிறது. தடுப்பூசி முகாமையும் மேய்ப்பவர்களுடன் பேசும் கூட்டத்தையும் ஒரே நாளில் வைத்தால், அடிவாரத்தில் எத்தனை ஆடுகள் இருக்கின்றன என்ற நம்பகமான கணக்கும் கிடைத்துவிடும். தண்டத்தொகைக்குப் பயந்து ஒளிபவர்களிடமிருந்து அந்தக் கணக்கு ஒருநாளும் வராது.

இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் முதல் வேலிகள் நின்றுவிட்டால் ஒரு முழு முளைப்புப் பருவம் கையில் இருக்கும். அதற்குள் உங்களில் யாரேனும் ஒருவர் காலை நேரத்தில் எங்கள் அரை ஏக்கருக்கு வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலி இருந்த பக்கத்துப் புதர்களையும் இல்லாத பக்கத்துப் புதர்களையும் உடன் வந்து காட்டுவேன். உள்ளே மூன்றாவதாக நிற்கும் காரைப் புதரின் நடுவில், கிளைகளை விலக்கிப் பார்த்தால், என் இடுப்பளவுக்கு ஒரு வேம்பு நிற்கிறது, யாரும் நட்டதல்ல.

இப்படிக்கு,
தோவாளை வட்டத்தைச் சேர்ந்த
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்